பாட்டுக்கு அடுத்தது கதவு

தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளவத்தையில் நடந்தது இது. சண்டை வடக்கில்தான் என்றாலும், கொழும்பில் இருந்த எங்கள் வாசல் வரைக்கும் அது வந்து போய்க்கொண்டிருந்த காலம். காலி வீதியில் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு சோதனைச் சாவடி. அடையாள அட்டையை மறந்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் பால்மா வாங்கப் போனவரைக்கூடக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள்.

நான் அப்போது ஒரு நேசரிக்கு, சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். பெரிய படிப்பெல்லாம் இல்லை. பேப்பரை வைத்துக்கொண்டு நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆனால் வாய் உண்டு, அதைவிடக் காது உண்டு. ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைப் பிடித்து வைத்துக்கொள்வது எனக்கு ஒரு பைத்தியம். கிருலப்பனையில் மீன் வெட்டுகிற ஒருவர், “கத்தி தீட்டுற நேரந்தான் எனக்கு லீவு” என்று ஒருநாள் சொன்னார். அதை நினைத்து நினைத்து ஒரு கிழமை சிரித்தேன். இப்போது சொல்லப்போகிற கதையும் அப்படி ஒருவர் சொன்ன வார்த்தையில்தான் தொடங்குகிறது.

கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அனெக்ஸில் நேசரி நடந்தது. ஒரே ஒரு பெரிய அறை, முன்னால் சின்ன விறாந்தை. முப்பது பிள்ளைகள் வரை இருப்பார்கள். டீச்சர் கொட்டாஞ்சேனைப் பெண். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்தவரின் மகள். வயது இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். குரல் மெல்லியது, பிடிவாதம் அப்படி இல்லை.

அந்த அறையின் ஒரு சுவரில், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கயிறு கட்டியிருந்தார். உடுப்புக் காயப்போடுகிற மாதிரி அதில் வரிசையாகப் படங்கள் தொங்கும். எல்லாம் அவர் கையால் வரைந்தவை. முதல் படத்தில் ஒரு சோடிச் செருப்பு. வந்ததும் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைக்க வேண்டும் என்று அர்த்தம். அடுத்தது கும்பிடுகிற கைகள். பிறகு மணல் தட்டு, பிறகு தண்ணீர்க் குழாய், பிறகு பிஸ்கட், பிறகு கதைப் புத்தகம். கடைசிக்கு முந்திய படத்தில் ஒரு பிள்ளை வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கும். கடைசிப் படத்தில் திறந்த கதவும், அதில் நிற்கிற ஓர் அம்மாவும். கயிற்றில் ஒரு சிவப்புக் கிளிப். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ஒரு பிள்ளை எழும்பிப்போய் அந்தக் கிளிப்பைக் கழற்றி அடுத்த படத்தில் குத்தும். அதைக் குத்துகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கப்பல் கப்டன் தோற்றுப்போவான்.

எனக்கு ஆரம்பத்தில் இதில் எரிச்சல்தான். நேசரிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடிப்போய்ப் பெரிய ஸ்கூல் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். ஒருநாள் விறாந்தையில் நின்று சத்தம் போட்டேன்.

“டீச்சர், அங்க ஸ்கூல் பெல் அடிச்சிருவாங்க. இன்னிக்கி ஒருநாள் பாட்டு இல்லாம வுடுங்களேன்.”

“பாட்டு இல்லாட்டிக் கதவும் இல்ல அங்கிள்.”

“மணியப் பாருங்க டீச்சர்!”

“பிள்ளையளுக்கு மணி தெரியாது அங்கிள். ‘பிறகு’ எண்டது மட்டுந்தான் தெரியும். இதுக்குப் பிறகு என்ன, அதுக்குப் பிறகு என்ன. அதில நாங்க கை வச்சா அதுகளுக்குக் கால் வைக்க இடமில்ல.”

போய் வேனில் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். “மணி தெரியாது, பிறகு தெரியும்.” வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி ஓட்டினேன்.

அந்த ஒழுங்கைக்குப் பக்கத்தில் லொட்ஜுகள் நிறைய. வடக்கிலிருந்து வந்த சனம் அங்கே ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக இருந்தது. பாஸ்போர்ட் வரும்வரைக்கும், விசா வரும்வரைக்கும், யாராவது கூப்பிடும்வரைக்கும். அப்படி ஒரு தாய் தன் மகளைக் கொண்டுவந்து நேசரியில் விட்டார். பிள்ளைக்கு நாலு வயது. புருஷன் வெளிநாட்டில். தாய் நாள்தோறும் பாஸ்போர்ட், விசா என்று ஏதாவது ஒரு கந்தோர் வாசலில் நின்றாக வேண்டும்.

விட்டார் என்று சொன்னேனே, விட முடியவில்லை என்பதுதான் சரி. அந்தப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்த பிடி இருக்கிறதே, விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தாலும் திரும்பப் பிடிக்கும். அழவும் மாட்டாள். கதைக்கவும் மாட்டாள். நான் பக்கத்தில் குனிந்து, “அம்மா இப்ப வந்துருவாங்க பாப்பா” என்றேன். அவ்வளவுதான், பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி அப்படியே கல்லாகிவிட்டாள்.

டீச்சர் என்னை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். “அங்கிள், அந்த ‘இப்ப’வ இவளிட்டச் சொல்லாதீங்க” என்று விஷயத்தைச் சொன்னார். ஊரைவிட்டு ஓடி வருகிற வழியில், பிள்ளையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, “இப்ப வாறன்” என்று சொல்லித் தாய் வீட்டுக்கு ஓடியிருக்கிறார், பிள்ளைக்கு மருந்தும் நாலு உடுப்பும் எடுக்க. அதற்குள் பாதை மூடிவிட்டது. அவர் திரும்ப வந்து சேர ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு வாயை மூடிய பிள்ளைதான். இந்த நேசரிக்குள் வந்தபோதும் திறக்கவில்லை.

டீச்சர் செய்ததைப் பிறகு நான் நாள்தோறும் விறாந்தையில் இருந்து பார்த்தேன். முதலில் தாயையே உள்ளே ஒரு குட்டிக் கதிரையில் உட்காரவைத்தார். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கதிரை கதவடிக்குப் போனது. பிறகு விறாந்தைக்கு. பிறகு வெளிவாசல் கேற்றடிக்கு. ஒவ்வொரு நாளும் பிள்ளையைக் கயிற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்: “இது பாட்டு. பாட்டுக்குப் பக்கத்தில கதவு. கதவில அம்மா.” வேறு ஒன்றும் சொல்லமாட்டார். எத்தனை மணிக்கு என்றோ, சீக்கிரம் என்றோ, அழாதே என்றோ ஒரு வார்த்தை கிடையாது. தாயும் அதற்கு ஒத்துழைத்தார். எந்தக் கந்தோரில் எந்த வரிசையில் நின்றாலும், பாட்டு முடிகிற நேரம் கதவில் நிற்பார். ஒருநாள் வரிசையில் இவருக்கு முன்னால் ஒருவரே ஒருவர் இருக்கும்போது விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். நான்தான் கேட்டேன், “என்னாம்மா, இன்னொரு நாள் கால்கடுக்க நிக்கணுமே?” “நிக்கலாம் அண்ணை. பாட்டுக்கு நிண்டாத்தான் இவள் நாளைக்கு என்னை விடுவாள்” என்றார்.

பிள்ளை மெல்ல மெல்ல இளகினாள். முதலில் செருப்பைத் தானாக வைத்தாள். பிறகு மணல் தட்டுக்குப் போனாள். ஒருநாள் கிளிப்பைக் கழற்றிக் குத்தினாள். அதற்குப் பிறகு ஒருநாள், பக்கத்தில் இருந்த பிள்ளை பாட்டு முடியுமுன் எழும்பி ஓடப்பார்க்க, “இன்னும் கதவு வரேல்ல!” என்று ஓர் அதட்டல் போட்டாள். நேசரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய முதல் வார்த்தை அதுதான். டீச்சர் அன்றைக்குச் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினார்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், அடுத்துச் சொல்லப்போகிற அந்த ஒருநாள் எப்படிப்பட்ட நாள் என்று விளங்க வேண்டும் என்பதுதான்.

அன்றைக்குக் கிளிப் கதைப் புத்தகத்தில் இருந்தது. நான் வேனை நிறுத்திவிட்டு வந்து விறாந்தையில் உட்கார்ந்தேன். அப்போது அந்த லொட்ஜில் இருக்கிற இன்னொரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தார். காலையில் லொட்ஜைச் சுற்றிவளைத்து, இருந்தவர்களில் ஒரு பகுதியை விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையின் தாயும் அதில். பிள்ளையை நேசரியில் விட்டுவிட்டு அறைக்குத் திரும்பிய நேரமாம். “எப்ப விடுவினமெண்டு தெரியாது, விடுவினமோ எண்டும் தெரியாது” என்றார் அந்தப் பெண்.

டீச்சர் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிள்ளைகளிடம், “யானை என்ன செஞ்சது எண்டு நீங்களே ஒருக்காக் கதைச்சுக்கொண்டு இருங்க” என்றுவிட்டு விறாந்தைக்கு வந்தார்.

“அங்கிள், இண்டைக்கு நான் பாட்டுப் படிக்கப்போறதில்ல.”

“சரிங்க டீச்சர், அப்ப புள்ளைங்கள ஏத்தவா?”

“இல்ல. ஒருத்தரும் போகக்கூடாது. பாட்டில்லாம ஒரு பிள்ளை கதவால போனாலும் அவளுக்கு விளங்கிரும். பாட்டப் படிச்சிட்டுக் கதவில அம்மா இல்லாட்டி…” அவர் அதை முடிக்கவில்லை. “அதுக்குப் பிறகு இவளுக்கு எந்தப் பாட்டும் இல்ல அங்கிள்.”

வேன் பிள்ளைகளின் வீட்டில் தேடுவார்களே? பெரிய ஸ்கூல் பிள்ளைகள் கேற்றில் நிற்பார்களே? ஆனால் டீச்சர் நின்ற நிலையைப் பார்த்தபோது வாயில் வந்தது, “செஞ்சிருவோம் டீச்சர்” என்பதுதான். சந்தியில் இருந்த கொமியூனிகேஷனுக்கு, காசு கொடுத்துப் போன் பேசுகிற கடைக்கு, ஓடினேன். பிள்ளைகள் வரப் பிந்தும் என்று வீடு வீடாகப் போன் போட்டேன். வேன் ஓட்டுகிற ஒரு சிங்களத் தம்பி இருந்தான், எனக்குச் சிநேகிதம்; தம்பி என்பதைச் சிங்களத்தில் ‘மல்லி’ என்றே கூப்பிடுவேன். அவனிடம் விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி, “மல்லி, என்னுடைய ஸ்கூல் ட்ரிப்பையும் நீயே எடு” என்று கேட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. “மம பலாகன்னம் அய்யே” என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்று அர்த்தம். அந்த வார்த்தையையும் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தால் கேற்றடியில் தாய் தகப்பன்மார் கூடிவிட்டார்கள். டீச்சர் ஒவ்வொருவராக விறாந்தைக்குக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தாய், “ஐயோ, எங்கட மகனுக்கு எலக்கியூஷன் கிளாஸ் இருக்கு டீச்சர்” என்றார். நாலு வயதுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச்சு வகுப்பு! பக்கத்தில் நின்ற முஸ்லிம் தாய் ஒருவர், “மகன் இங்கிலீஸ்ல பேசாட்டி இண்டைக்குக் கொழும்பு தாழ்ந்து போயிராது, வாங்க தாத்தா, உள்ளுக்கு இரிப்போம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. கழுத்தில் டை கட்டிய ஒரு தகப்பன், பேங்கில் வேலை, மத்தியான இடைவேளையில் பிள்ளையை ஏற்ற வந்தவர், “என்ன நொன்சென்ஸ் இது? பொலிஸ் பிடிச்சதுக்கு நாங்க என்ன செய்ய?” என்று ஒரு கத்துக் கத்தினார். டீச்சர் அவரோடு வாதாடவில்லை. “சேர், உங்கட மகளத் தூக்கிக்கொண்டு போக உங்களுக்கு உரிமை இருக்கு. போகேக்க அந்தப் பிள்ளைட முகத்த மட்டும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்க” என்றார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தப் பிள்ளை கயிற்றுக்குக் கீழே, கிளிப்பை நகர்த்தத் தன் முறை வரும் என்று நேராக உட்கார்ந்திருந்தாள். அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

அதற்குள் டீச்சர் ஒரு மூலையில் இருந்து கிறேயனால் கிடுகிடுவென்று வரைந்தார். ஒரு வாளித் தண்ணீரில் பொம்மை. ஒரு தட்டில் சோறு. ஒரு பாய். மூன்று புதுப் படங்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கதைப் புத்தகத்துக்கும் பாட்டுக்கும் நடுவில், எல்லோரும் பார்க்கத்தான், ஒளிக்காமல் கொழுவினார்.

அந்தப் பிள்ளை எழும்பி வந்தாள். கயிற்றை முதலில் இருந்து பார்த்தாள்.

“டீச்சர், இது நேற்று இல்லை.”

தாய்மார் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

“ஓம், இல்ல. இது இண்டைக்குப் புதுசு” என்றார் டீச்சர். “பாட்டு எங்க?”

பிள்ளை தேடிப்போய்த் தொட்டாள். “இந்தா.”

“பாட்டுக்குப் பக்கத்தில?”

“கதவு.”

“கதவில?”

“அம்மா.”

“அது மாறேல்ல தானே?”

பிள்ளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். பாட்டும் கதவும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருந்தன. தலையை ஆட்டிவிட்டு, கிளிப்பைக் கழற்றி வாளித் தண்ணீரில் குத்தினாள்.

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கார அம்மா, நாங்கள் நோனா என்போம், சேலையை மாற்றிக்கொண்டு கைப்பையோடு வந்து என் வேனில் ஏறிவிட்டார். “ஐயோ, பவ் நே” என்று அந்தப் பிள்ளைக்காக இரக்கப்பட்ட கையோடு, “யமு, யமு”, போவோம் போவோம் என்று என்னை விரட்டினார். அவரோடு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். தமிழன் தானாகப் போய் அந்த வாசலில் நிற்கிற காலமா அது? அவர் முன்னால் நடந்தபடியால் நானும் நடந்தேன்.

உள்ளே உட்கார ஒரு நீண்ட வாங்கு. அதில் வரிசையாகப் பெண்கள். நடுவில் அந்தத் தாய். கதைக்க விடவில்லை. ஆனால் நாங்கள் பக்கத்தால் போகும்போது அவர் என்னைக் கண்டுவிட்டார். எழும்பவும் பயம், இருக்கவும் முடியவில்லை. உதடு மட்டும் அசைகிற மாதிரி ஒன்றைக் கேட்டார். என்னை எப்ப விடுவார்கள் என்றல்ல. லோயர் பிடித்தீர்களா என்றல்ல.

“பாட்டுப் படிச்சிட்டினமோ?”

“இல்லம்மா. இன்னும் படிக்கல. நீங்க வர்ற வரைக்கும் படிக்கவும் மாட்டாங்க” என்றேன்.

அவருடைய தோள் இரண்டும் அப்படியே கீழே இறங்கின. அதுவரைக்கும் அவர் எதைத் தூக்கி வைத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விசாரிக்கிற அதிகாரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார் என்றார்கள். நோனா அசையவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போகிற வருகிற கான்ஸ்டபிள்மாரிடம், “சாப்பிட்டீர்களா மகனே, ஊர் எது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகாரி வந்ததும், என் வீட்டுப் பின்பக்கத்தில் முப்பது பிள்ளைகளும் அவற்றின் தாய் தகப்பன்மாரும் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார்கள், இந்தப் பொம்பிளை வந்து சேராவிட்டால் பாட்டுப் படிக்கமாட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு, “மொகக்த சிந்துவ?” என்றார். என்ன பாட்டு?

நோனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாள்தோறும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட பாட்டு. அந்த ஸ்டேஷன் நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சிங்கள நாக்கில் பாடத் தொடங்கிவிட்டார்: “பாயே பாயே போய்வாறோம், பந்தே பந்தே போய்வாறோம்…” சொற்கள் நாலு பக்கமும் உடைந்து விழுந்தன, மெட்டு மட்டும் உடையவில்லை. ஒரு கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். வாங்கில் இருந்த தாய் முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டார், அழுதாரோ சிரித்தாரோ தெரியாது.

அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். விசாரிக்காமல் விடவில்லை, ஆனால் அந்தத் தாயின் முறையை முதலாவதாக எடுத்தார். அதற்கும் நேரம் பிடித்தது. நாங்கள் வெளியே வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வாங்கில் மற்றப் பெண்கள் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்காக எந்தெந்தக் கதவில் யார் யார் காத்திருந்தார்களோ. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேனில் அந்தத் தாய் போத்தல் தண்ணீரால் முகம் கழுவினார். தலையைச் சீவினார். சேலை மடிப்பைச் சரி பார்த்தார். ஒழுங்கை முனைக்கு வந்ததும், “அண்ணை, இதில நிப்பாட்டுங்கோ. நான் ஒருநாளும் வேனில வாறேல்லை” என்று இறங்கிவிட்டார். எப்போதும் வருகிற மாதிரி நடந்துதான் வருவாராம். என்ன மனுசி!

நான் முன்னால் ஓடினேன். அறைக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கிளிப் பாயில் இருந்தது. அறை முழுக்கப் பாய். பாய் முழுக்கப் பிள்ளைகள், நடுநடுவே தாய்மார். அந்த டை கட்டிய தகப்பன், டையும் கட்டியபடி, ஒரு பொம்மையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நல்ல குறட்டை. எலக்கியூஷன் தாய் அந்த முஸ்லிம் தாயின் தோளில் சாய்ந்திருந்தார். நோனா வீட்டுச் சோற்றுப்பானை காலியாக மூலையில் கிடந்தது. டீச்சர் மட்டும் கண்மூடாமல் என்னையே பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

“எழும்புங்க பிள்ளையள்” என்றார். “பாயச் சுருட்டுவம். பாயிக்குப் பிறகு என்ன?”

“பாட்டூ!” என்று அறையே கத்தியது.

அந்தப் பிள்ளைதான் கிளிப்பை நகர்த்தினாள். பாடினார்கள். அப்படி ஒரு பாட்டை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. பேங்க் தகப்பனும் பாடினார், தப்புத் தப்பாக. கடைசி வரி முடிந்தது. டீச்சர் கதவைத் திறந்தார். கதவில் அம்மா நின்றார். நாள்தோறும் நிற்கிற அதே இடம், அதே சிரிப்பு. பிள்ளை ஓடவில்லை. செருப்பைப் போட்டாள், போய்க் கையைப் பிடித்தாள். இருவரும் ஒழுங்கையில் இறங்கி நடந்தார்கள். அவர்கள் வளைவில் மறைந்ததும் டீச்சர் ஒரு குட்டிக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் பிள்ளைக்குத் தெரியாமல் நடத்திவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமையோ பெருமை. நான் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை செருப்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். சும்மா வாயைக் கிண்டினேன். “அன்னிக்கி நல்லா வெளையாண்டீங்க போல? வாளித்தண்ணி, சோறு, பாயி!”

“அண்டைக்கு அம்மாவைப் பொலிஸ் பிடிச்சது” என்றாள், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. “அதுதான் டீச்சர் பாட்டைப் பிடிச்சு வச்சிருந்தவ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு பாப்பா ஒனக்குச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த மாமா பொலிஸ் எண்டு கத்தினவர். பிறகு டை கட்டிக்கொண்டு பாயில படுத்தவர். பெரியாக்கள் பாயில படுக்கிறேல்லை.” கொஞ்சம் யோசித்தாள். “எல்லாரும் நிண்டவை. ஒருத்தரும் போகேல்லை.” சொல்லிவிட்டு மணல் தட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் டீச்சரிடம் சொன்னேன். அவர் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணீர் வழிய வழிய. “அப்ப நாங்க ஆருக்கு அங்கிள் நடிச்சனாங்க?”

அந்தத் தாயும் மகளும் அடுத்த வருடமே தகப்பனிடம் போய்விட்டார்கள். டீச்சர் கல்யாணம் செய்து கொட்டாஞ்சேனையிலேயே வேறு ஒரு நேசரி தொடங்கினார். நான் வேனை விற்றும் பல காலம் ஆகிறது. கதவுக்கு வரவேண்டிய ஆளைக் கொண்டுவர எங்களால் முடியும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. வரும்வரைக்கும் ஒருவரும் எழும்பிப் போகாமல் இருக்க மட்டுந்தான் முடிந்தது. அது போதும் என்று ஒரு நாலு வயதுப் பிள்ளை கணக்கெடுத்து வைத்திருந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தக் கெட்ட காலத்திலும் நான் நல்ல மனிதர்களுக்கு நடுவில்தான் இருந்திருக்கிறேன் என்று இன்றைக்கும் நெஞ்சு நிறைந்து போகிறது.